இரண்டேமுக்கால்

ஒன்று என்று அடிப்பேன், பலகை அதிரும்.
இரண்டு என்று அடிப்பேன், அரங்கம் எழுந்து நிற்கும்.
மூன்றுக்கு ஓங்கிய கை தரையைத் தொடுமுன்
கீழே கிடப்பவன் ஒரு தோளைத் தூக்கிவிடுவான்.
பத்தொன்பது வருடம் எனக்குச் சோறு போட்டது
அந்த இரண்டேமுக்கால்தான்.

மூஸ் ஜா, பிராண்டன், யார்க்டன், ஸ்விஃப்ட் கரண்ட்.
கனடாச் சமவெளியில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே
பனியைத் தவிர வேறு ஆளில்லை.
ஒரு வேன், எட்டு மல்லர்கள், நான் ஒரு நடுவன்.
நல்லவனும் கெட்டவனும் ஒரே வண்டியில் வருவது
ரசிகனுக்குத் தெரியக்கூடாது.
கெட்டவர்கள் பெட்ரோல் பங்கில் இறங்கி
டாக்ஸி பிடிப்பார்கள், சொந்தக் காசில்.

ஓரெஸ்ட் ஹாலுஷ்சாக் இறங்கியதே இல்லை.
கோதுமை மூட்டை தூக்கி அகன்ற தோள்.
மேல்கயிற்றில் அவன் ஏறி நின்றால்
பாப்கார்ன்காரி சில்லறை கொடுக்க மறப்பாள்.
எண்பத்து நான்கு பிப்ரவரியில்
நியூயார்க்கிலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது:
கண்டம் முழுக்கத் தொலைக்காட்சி,
அவன் முகத்தில் பிளாஸ்டிக் பொம்மை.

போகாமல் இருந்திருந்தால்?
முடி வெட்டுகிறவன் கேட்கிறான், பல் மருத்துவர் கேட்கிறார்,
வாயில் பஞ்சு இருக்கும்போதே.

தெல்மா அம்மாளின் கம்பெனி மூடியிருக்காது.
புதன்கிழமைப் படப்பிடிப்பு நடந்துகொண்டே இருந்திருக்கும்.
சமவெளிக்கு ஒரு சாம்பியன், கடற்கரைக்கு ஒருவன்,
உலகத்துக்கே ஒருவன் என்ற பேச்சு எழுந்திருக்காது.
வாணவேடிக்கை வந்திருக்காது.
ஒரு கைப்பூட்டைப் பத்து நிமிடம்
இமைக்காமல் பார்க்கிற கண்கள் மிஞ்சியிருக்கும்.
டெல்மர் பெல்கார்ட் தலையிலிருந்து
அந்த வாடகை இறகுகள் இறங்கியிருக்கும்.
ஜூனில் பட்டம் அவனுக்கு என்று ஏற்பாடு,
இறகில்லாமல், அவனுடைய க்ரீ ஊர்ப்பெயரைச் சொல்லி.

அல்லது இதெல்லாம் என் கற்பனை.
ஓரெஸ்டுக்கு முழங்கால் போயிருக்கும்.
தெல்மாவின் செக் திரும்பியிருக்கும்.
அதே கூடத்தில் அதே முகத்தை ஆறாவது வருடமும் பார்த்து
ஜனம் கொட்டாவி விட்டிருக்கும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

மூஸ் ஜாவில் அவனுடைய கடைசி இரவு.
தெல்மாவும் அவனும் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.
மேடையேறப் போன என் சட்டைக் கையைப் பிடித்தாள்.
"கம்பெனியில் பாதி அவன் பெயருக்கு.
நாளைக்கே கையெழுத்து. சொல்லிவிடு, வென்டல்."

மேடையில் நடுவன்தான் தபால்காரன்.
பிடியைச் சோதிக்கிறமாதிரிக் குனிந்து
காதில் போட்டுவிட்டு எழுந்திருப்பேன்:
ஆறு நிமிடம் பாக்கி. ரத்தம் உன்னுடையதா?
இப்போது விழு.

குனிந்தேன்.
டெல்மரின் முழங்கைக்கு அடியில் ஓரெஸ்டின் கன்னம்,
பெப்பர்மிண்ட் வாசனை.
நான் வாயைத் திறக்குமுன் அவன் கேட்டான்:
"வென்டல், நியூயார்க்கில் கடல் தெரியுமா?"

நான் நியூயார்க்கும் பார்த்ததில்லை, கடலும் பார்த்ததில்லை.
"தெரியும்" என்றேன்.
"நாலு நிமிடம் பாக்கி" என்றேன்.
எழுந்துவிட்டேன்.

இரக்கமா, பொறாமையா? வேனில் ஹீட்டர் கெட்டிருந்தது,
ஒருத்தனாவது குளிரிலிருந்து தப்பட்டும் என்று நினைத்தேனா?
இத்தனை வருடத்தில் காரணத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன்.

போகிறவன் தோற்றுவிட்டுப் போக வேண்டும், அது எங்கள் தொழில் முறை.
போகிறவனை ஜெயித்த வெற்றியை
யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அதுவும்தான்.
டெல்மர் இறகோடே அவன்மேல் விழுந்தான்.

ஒன்று.
இரண்டு.

கையை மேலே நிறுத்தினேன்.
வழக்கத்தைவிட அதிக நேரம்.
தூக்கு, ஓரெஸ்ட், ஒரு தோளைத் தூக்கு,
மிச்சத்தை இங்கேயே பேசிக்கொள்ளலாம்.
பின்வரிசையில் எவனோ "தூங்கிட்டியா நடுவரே" என்று கத்தினான்.
அவன் கண்ணைத் திறந்து கூரை விளக்கைப் பார்த்தபடி கிடந்தான்.
தோள் அசையவில்லை.

டெல்மர் பல்லிடுக்கில் சொன்னான்:
"அடித்துத் தொலை.
இறகு என் கண்ணைக் குத்துகிறது."