நான்காவது வட்டம்

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து
ஒரே ஒரு பக்கம் செய்தேன், நோட்பேடில்.
கூர்முனை அடைப்பு திறந்து, எழுதி,
சாய்கோடு போட்டு மூடி.
ஒன்றை மூட மறந்தால் போதும்,
அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தடித்துவிடும்:
கேள்வி, பள்ளியின் பெயர், என் பெயர்கூட.

மதியம் வரை தமிழ் வரவில்லை.
யானை இருந்த இடத்தில்
நான்கு கேள்விக்குறிகள்.
சேமிக்கும்போது கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும்,
அதை மாற்றுங்க மேடம் என்றார்
ஓசூரில் செல்போன் பழுதுபார்க்கும் இம்தியாஸ்.
மாற்றினேன்.
கேள்விக்குறிகள் எழுந்து யானையாயின.

யானை வாழும் இடம் எது?
காடு. கடல். பாலைவனம்.
மூன்று வட்டங்கள்.
காட்டைத் தொட்டால் பச்சையில் 'சரி'.
மற்றதைத் தொட்டால் சிவப்பில் 'தவறு' என்று முதலில்.
பிறகு அதை அழித்து
'மீண்டும் முயற்சி செய்' என்று எழுதிவிட்டு
என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கள், முதல் பீரியட், நான்காம் வகுப்பு.
ஜவளகிரியிலிருந்து காட்டுப் பக்கமாகப் போகும் பாதையில்
கடைசிப் பள்ளிக்கூடம்.
இருபத்திரண்டு பேர், ஒரு மடிக்கணினி.
வீட்டில் கன்னடம் பதினோரு பேர்,
தெலுங்கு ஒன்பது, தமிழ் இரண்டு.
மௌஸைத் தொட மட்டும்
எல்லாருக்கும் ஒரே மொழி, தள்ளுமுள்ளு.

நாகவேணி காட்டைத் தொட்டாள். பச்சை. கைதட்டல்.
திம்மராஜ் வேண்டுமென்றே கடலைத் தொட்டு
சிவப்பைப் பார்த்துவிட்டுப் போனான்.
மூன்றாவதாக மாதேஷ்.
அவன் அம்பு மூன்று வட்டங்களின் மேலும்
சுற்றிச் சுற்றி வந்தது, இறங்கவே இல்லை.
"டீச்சர், எங்க ஹொலா இதுல இல்லயே."

சிரிப்பார்கள் என்று பார்த்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.
முனிரத்னா ஐந்து விரல் காட்டினாள்.
"நேத்து ராத்திரி. ஒண்ணு குட்டி."
"இவங்கப்பா விடிய விடிய வெடி போட்டாரு."
அப்போதுதான் கவனித்தேன், மாதேஷின் கண்களை.
என் பக்கத்தில் அந்த நிறத்துக்கு அர்த்தம்
மீண்டும் முயற்சி செய்.

அங்கேயே பக்கத்தின் உட்புறத்தைத் திறந்தேன்.
"படத்துக்குப் பின்னாடி இவ்ளோ எழுத்தா?"
"இது இங்கிலீஷா டீச்சர்?"
"ஆமா. இல்ல. சும்மா இரு."
காட்டின் வரியை நகலெடுத்துக் கீழே ஒட்டி
'காடு' என்பதை மட்டும் அழித்தேன்.
மாதேஷ் ஒற்றை விரலால்
ரா, கி, வ, ய, ல் என்று தேடித் தேடி அடித்தான்.
இருபத்தொரு பேர் மூச்சு என் பிடரியில்.

நான்காவது வட்டம் வந்தது. தொட்டான்.
பச்சை. சரி.
நகலெடுத்த வரியோடு அதுவும் சேர்ந்து வந்திருக்கிறது.
எனக்குக் கை நின்றுவிட்டது.
புத்தகத்தில் விடை காடு மட்டும்தான்.
சரி என்று விட்டால்
யானை பேருக்குப் பட்டா எழுதிக் கொடுத்ததாகிவிடுமோ?

அவனே சொன்னான்.
"சரின்னு போடாதீங்க டீச்சர்.
அது வர்றது நிஜம். சரி இல்ல."

இரண்டே நிறம் தெரிந்த பக்கம்.
இரண்டே நிறம் தெரிந்த நான்.
"ராகி கலர் போடுங்க" என்றாள் நாகவேணி.
நிறத்துக்கான எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.
இது செங்கல். இது வெல்லம்.
"இன்னும் கொஞ்சம் கறுப்பு டீச்சர்."
"அய்யோ, இது கருகிப்போன களி."
மணி அடித்தபோது ஏறக்குறைய வந்திருந்தது.
எழுத வேண்டிய சொல் வரவில்லை.
தொட்டால் இப்போதைக்கு
வெறும் நிறம் மட்டும் விரியும்.

எல்லாரும் பால்வாடிப் பக்கம் ஓடிவிட்டார்கள்.
மாதேஷ் கம்ப்யூட்டர் மேசையிலேயே
கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்,
மௌஸ் கைக்குள்.
அதை எடுக்காமல்
மூடியை மெல்லச் சாத்தினேன்.
சேமித்தேனா என்று ஞாபகம் இல்லை.