மூன்று கை, மூன்று கால்

காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்த பிறகுதான் கிளம்பினோம்.
இதை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.
மணல் ட்ராக்டர்காரனுக்குத்தான் கண் தெரியவில்லை.
அவருக்கு இடது கால், முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும்.
எனக்கு வலது மணிக்கட்டு.
எக்ஸெல் வண்டியின் பின்னால் கட்டியிருந்த அட்டையில்
முப்பதுக்குப் பதினொரு முட்டை உடையவில்லை.
யாரோ ஒரு புண்ணியவான்
அதைப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தான்.

எல்லிஸ் நகர் ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
ஜெய்லானியும் கேபிள்காரத் தம்பியும்
பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள்.
படித் திருப்பத்தில் முட்டியது.
"சப்பரம் திரும்புது, ஒதுங்குங்க" என்று
ஒச்சம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
வலியிலும் அவருக்குச் சிரிப்பு.
மருந்துச் சீட்டைப் பல்லில் கடித்தபடி
முட்டையோடு நான் பின்னால் ஏறினேன்.

அவர் அண்ணன் வந்து, புத்தூர்க் கட்டுக்குப் போயிருக்கலாம் என்றார்.
என் தம்பி வந்து, பிளேட் வைத்திருக்கலாம் என்றான்.
ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.
தினத்தவணைக்காரர் மூன்று மாடி ஏறிவந்து
இரண்டு கட்டையும் பார்த்து
ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப்போனார்.
மறுநாளும் வந்தார்.
கீழே, வேப்பமரத்தோடு சங்கிலி போட்ட தள்ளுவண்டியில்
ஆம்லெட் கல் துருப்பிடித்தது.

லோகிதா மூன்றாம் வகுப்பு.
எங்களை மாறிமாறிப் பார்த்துக் கணக்குப் போட்டாள்:
"மூணு கை, மூணு கால்.
அப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒன்றரை ஆளும்மா."

ஒன்றரை ஆள் சமைத்தோம்.
நீட்டிய கால்மேல் முறத்தை வைத்து
அவர் வெங்காயம் உரிப்பார், நறுக்குவார்.
நான் நின்று இடது கையால் கிண்டுவேன்.
சட்டியை இறக்கத்தான் ஆள் இல்லை.
அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்வரை
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பங்குனி வெயில், கரண்ட் போன மத்தியானம்,
மாவுக்கட்டுக்குள் எறும்பு போய்விட்டதென்று
அவர் சத்தியம் செய்தார்.
குடைக்கம்பி நுனியில் துணி சுற்றி உள்ளே விட்டேன்.
"அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. இன்னும் கொஞ்சம் கீழ. ஆங்."
பதினாலு வருஷத்தில் அவர் எனக்கு
இம்புட்டுப் பொறுமையாக வழி சொன்னதில்லை.

தலை வாரியதும் அவர்தான்.
நான் சுவரைப் பார்த்து உட்கார, பின்னாலிருந்து
பரோட்டா மாவைப் பிரிப்பதுபோல் மூன்று புரியாகப் பிரிப்பார்.
முகம் தெரியாத தைரியத்தில் ஒருநாள் சொன்னேன்:
"அன்னைக்குப் பச்சை விழல."

விழவில்லை. ஏழு நொடி இருந்தது.
"போங்க, கடை போட நேரமாச்சு" என்று
அவர் முதுகில் தட்டியது இந்தக் கைதான்.
போலீசிடம் "பச்சைதான் சார்" என்றார்.
அண்ணனிடமும் அதையே. தவணைக்காரரிடமும்.
என்னிடம்கூட.

சீப்பு ஒரு நொடி நின்றது.
"அசையாத, வகிடு கோணுது" என்றார்.

என் கட்டு ஆறாம் வாரம் பிரித்தார்கள்.
பத்தாம் வாரம், "கருத்தக்கண்ணன், இடது கால்" என்று கூப்பிட்டார்கள்.
வந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் சொன்ன கதையைக் கேட்டு
லோகிதா அந்தக் கட்டின்மேல் சிக்னல் வரைந்திருந்தாள்,
பச்சைக்கு மட்டும் வண்ணம் தீட்டி.
மிஷின் அதன் நடுவே அறுத்துக்கொண்டு போனது.
உள்ளே இருந்தது வேறு யாரோ ஒருவரின் கால்,
பருத்திமார் மாதிரி, தோல் உரிந்து.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம்.
நாறுகிறது என்றாலும் கேளாமல்
பிளந்த மாவுக்கட்டை மடியில் வைத்திருந்தாள் லோகிதா.
காளவாசலில் சிவப்பு.
ஏழு என்று காட்டும்போதே டிரைவர் கியரைப் போட்டார்.
"இருப்பா" என்றோம்
இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.