பயன்பாட்டுச் சான்றிதழ்

மார்ச் இருபத்தெட்டு, மாலை நாலே கால்.
திருவனந்தபுரத்திலிருந்து பணம் வந்தது.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்,
தமிழ்த்துறைக்கு அலமாரியும் புத்தகமும்.
முப்பத்தொன்றுக்குள் செலவாக வேண்டும்.

மறுநாள் பெரிய வெள்ளி.
சனிக்கிழமை சித்தூர் கருவூலத்து வரிசை
வாசல் தாண்டி, டீக்கடை தாண்டி, பேக்கரி வரை.
கோயம்புத்தூர்க் கடைக்காரரிடம் மூன்று கொட்டேஷன் கேட்டால்
"மூணும் நானே தரட்டுமா மேடம்" என்றார்.
முப்பத்தொன்று, ஞாயிறு, உயிர்ப்புப் பெருநாள்.
கொழிஞ்சாம்பாறைக் கோவிலில்
மெழுகுதிரி பிடித்து நான் நின்றபோது
பணமும் உயிர்த்தெழுந்து
வந்த வழியே மேலே போய்விட்டது.

ஏப்ரலில் படிவம்.
ஏழாம் கட்டம்: செலவழிக்காததற்குக் காரணம்.
பணம் வந்ததே மூன்று நாள் முன்னால் என்று எழுதினேன்.
பிரின்சிபல் கண்ணாடியைக் கழற்றினார்.
"மரிய புஷ்பம், சர்க்கார் மேல
சர்க்காரே புகார் சொல்லுமோ?"
வேறு எழுதச் சொன்னார்.
ஆவஸ்யம் உண்டாயில்ல.
மலையாளத்தில் இரண்டே சொல்.
தமிழிலும் இரண்டுதான்: தேவை எழவில்லை.
கட்டத்துக்குள் அழகாக அடங்கியது.
முத்திரை குத்தினேன். மூன்று பிரதி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
யார் சொன்னது?
இருபத்திரண்டு வருஷமாக அதை அரிந்துதான்
என் வீட்டில் உலை கொதிக்கிறது.

ஜூலையில் வெள்ளைக் காரில் மூன்று பேர்.
ஒருவர் நிதி, ஒருவர் பாடத்திட்டம்,
மூன்றாமவர் எதற்கென்று கடைசிவரை தெரியவில்லை,
பழம்பொரி தின்றார்.
கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன்.
வாரியர் மேடம் என் இடுப்பு வலிக்கு
ஒரு தைலத்தின் பெயர்கூட எழுதித் தந்தார்.
பிறகு தலை எண்ணினார்கள்.
பி.ஏ. தமிழ், முதலாண்டு.
பதிவேட்டில் பதினாறு, பெஞ்சில் பதினான்கு.
பதினைந்து வேண்டும்.
பெஞ்சைத்தான் குறித்துக்கொண்டார்கள்.

சபரிகிரீசன் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலையில்
இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
வேலந்தாவளம் பஸ் செக்போஸ்ட்டில்
கோழி லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றது.
இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை.
மெல்சி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
ஓடிவந்து வாசலில் மூச்சு வாங்கியபோது
பேனா மூடியிருந்தது.

"நிறுத்தறது நாங்களில்லை" என்றார் மேடம்.
"உங்க காலேஜே எழுதியிருக்கே."
என் காகிதத்தை எனக்கே காட்டினார்.
ஏழாம் கட்டம்.
'ஆ'வின் சுழி என் பழக்கப்படி கொஞ்சம் பெரிசு.
அலமாரியைப் பற்றி நான் சொன்ன பொய்
நான்கு மாதத்தில் வளர்ந்து
ஒரு வகுப்பறை அளவுக்கு ஆகியிருந்தது.

இன்று எல்லோரும் போனபின்
ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன்.
ஏழாம் கட்டத்துக்குத் திருத்தம்.
பணம் வந்த மணி, மூடிக்கிடந்த நாள்கள்,
இரவு ஷிப்ட், கோழி லாரி,
அலமாரி இல்லாமல் ஜன்னல் படியில் அடுக்கியதில்
எந்தெந்தப் புத்தகத்தில்
எந்தப் பக்கம்வரை மழை ஏறியது என்பதும்.
பிரின்சிபல் கையெழுத்துப் போடமாட்டார், தெரியும்.
தபால் பதிவேட்டில் நானே ஏற்றினேன்: 412.

நம்பர் விழுந்துவிட்டால்
சர்க்காரில் எதுவும் லேசில் சாகாது.
கிழிக்க ஓர் உத்தரவு வேண்டும்,
அந்த உத்தரவுக்கு ஒரு நம்பர் வேண்டும்,
அதற்கு என்னிடம்தான் வரவேண்டும்.

கடைசி பஸ்ஸுக்கு நின்ற மெல்சி
ஜன்னல் வழியாகக் கேட்டாள்:
"அக்கா, நாளைக்குக் கிளாஸ் உண்டா?"
உண்டு என்றேன்.
அதை எங்கும் பதியவில்லை.