நோயற்றவர், எண் 17

மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியின் சாவி
இருபத்தெட்டு வருடம் என் இடுப்பில் கிடந்தது.
தெல்லெர்வோ ஓய்வு பெறும் நாளில்
கேக் வெட்டினார்கள், ஆளாளுக்குப் பேசினார்கள்.
எனக்குப் பேச வராது. ஆகவே இது.

தொண்ணூற்றிரண்டு, பிப்ரவரி.
புவோலங்காவுக்கு வடக்கே
சாலை எது வயல் எது என்று தெரியாத வெண்மை.
அவள் ஓட்டினாள்.
ரத்தக் குழாய்கள் உறைந்துவிடக் கூடாதென்று
என் கம்பளிச் சட்டைக்குள் வைத்திருந்தேன்,
அந்நியக் குடும்பங்களின் சூடு என் வயிற்றில்.

தேவாலயப் பதிவேடுகளில்
யார் யாருக்குப் பிறந்தாரென்று
முந்நூறு வருடமாகப் பாதிரிகள் எழுதியிருந்தார்கள்.
சில பெயர்களின் ஓரத்தில் மட்டும்
பொடி எழுத்தில்: புத்தி பேதலித்தவன்.
அந்தச் சொல் எந்தக் கிளை வழியே இறங்குகிறதென்று
பென்சிலால் தொடர்ந்துபோனாள்,
பனியில் ஓநாய்த் தடம் பார்ப்பவள் போல.

ஹில்யா மொய்லனென் மூன்று முறை காப்பி ஊற்றினாள்.
வானொலியைக் கோடரியால் பிளந்த மூத்த மகன்
காயானி மருத்துவமனையில் இருந்தான்.
இளையவன் சட்டைக் கையை மடித்து நீட்டினான்.
நாங்கள் கிளம்பும்போது, கதவருகே,
"என் பக்கமா, அவர் பக்கமா?"
கணவர் ஜன்னல் வழியே விறகை எண்ணிக்கொண்டிருந்தார்.
"ஐந்து வருடம் கொடுங்கள், சொல்கிறேன்"
என்றாள் தெல்லெர்வோ.
அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது.

ஆறாவது வருடம்
முதல் குரோமோசோமின் நீண்ட கையில்
ஒரு சிகரம் எழுந்தது.
பிளாஸ்டிக் கோப்பைகளில் ஷாம்பெய்ன் குடித்தோம்.
'பைத்தியத்தின் மரபணு' என்றது செய்தித்தாள்.
அந்தச் சொல் கூடாதென்று ஆசிரியருக்கு எழுதினாள்.
சிகரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கொலம்பியாவில் தேடினார்கள், இல்லை.
டப்ளினில் இல்லை.
எங்கள் குடும்பங்களையே இரட்டிப்பாக்கிப் பார்த்தோம்.
சிகரம் மேடாயிற்று, மேடு
ஜனவரி ஏரியாயிற்று.
'நாங்கள் கண்டது அங்கே இல்லை' என்று
நாலு பக்கம் எழுதி அனுப்பினாள்.
யாரும் மேற்கோள் காட்டாத கட்டுரை.
அவள் எழுதியதிலேயே நல்லது அதுதான், என்னைக் கேட்டால்.

பிறகு காலம் மாறியது.
எங்கள் குழாய்கள்
எந்தெந்த நாட்டுக் குழாய்களோடோ சேர்ந்து
லட்சமாயின.
விடை வந்தது:
ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில்.
தராசில் வைத்தால் ஓர் எள்ளுக்கும் எழும்பாத
தூசு தூசாக, எல்லோர் உடம்பிலும்.

அதைச் சொல்லத்தான் ஹில்யாவிடம் திரும்பப் போனோம்.
பத்தொன்பது வருடம் கழித்து.
"இரண்டு பக்கமும்தான். பக்கத்து வீட்டுப் பக்கமும்கூட."
ஹில்யா காப்பி ஊற்றவில்லை.
"நீங்க வந்துட்டுப் போன ராத்திரியிலிருந்து
அவரும் நானும் அதைப் பத்திப் பேசினதே இல்லை.
போன வருஷம் போயிட்டார்."
திரும்பும் வழியில் தெல்லெர்வோ
இரண்டு முறை காரை நிறுத்தினாள்.
நான் காரணம் கேட்கவில்லை.

இன்னொன்று.
தொண்ணூற்று மூன்றில் நோயற்றவர் பட்டியலில்
ஓர் ஆள் குறைந்தது.
அவளே கையை நீட்டினாள், நான் ஊசி குத்தினேன்,
அவளே எண் எழுதி ஒட்டினாள்: 17.
விதிப்படி தவறு. இருவரும் மறந்ததாக வைத்துக்கொண்டோம்.

போன வாரம் அபாய மதிப்பெண் பட்டியல் வந்தது,
பெயரில்லாமல், மேலிருந்து கீழாக.
நோயாளிகளும் அல்லாதவர்களுமாகத் தொள்ளாயிரம் பேரில்
ஒன்பதாவது இடத்தில் 17.
மொய்லனென் மூத்தவன்
நடுவில் எங்கோ கிடந்தான்,
ஒரு தபால்காரரைப் போல, யாரையும் போல.

விரலைத் திரையில் வைத்தபடி கேட்டாள்,
"இந்தக் குழாயில் எண் சரியாகத்தான் ஒட்டியிருக்கிறதா?"
"உன் கையெழுத்து."

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
மிச்சமிருந்த ஏலக்காய் ரொட்டியைத் தின்றாள்,
முழுவதையும், நின்றபடியே.
பிறகு பெட்டியின் வெப்பநிலையைக் குறித்தோம்,
வழக்கம்போல அவள் வாசிக்க, நான் எழுத:
மைனஸ் எழுபத்தொன்பது.
கதவு சரியாக மூடவில்லை போலிருக்கிறது.