மறு நுனி

பாதிப் படகு வெய்க்கோவுடையது, பாதி என்னுடையது.
எந்தப் பாதி யாருக்கென்று எழுதிக்கொள்ளவில்லை.
துர்க்கு நகரில் ஒரே மாடிப்படி, எதிரெதிர்க் கதவு;
ஐந்தரை மீட்டர் கண்ணாடியிழைக்கு
அந்த ஒப்பந்தம் போதுமென்றிருந்தோம்.

நங்கூரம் வாங்க நௌவோ தீவுக்குப் போனோம்.
சூலோவின் கடையில் தாரும் காபியும் மணந்தன.
வெய்க்கோ நேரே போய் நின்றது
முகம் பார்க்கலாம்போல் மின்னிய எஃகின் முன்.
"அது சுவரில் மாட்ட நல்லது,"
என்றார் சூலோ, தலைநிமிராமல்.
"எங்கே நிறுத்துவீர்கள்?"
தீவுகளுக்கு நடுவே, என்றோம்.
"அடியில் என்ன இருக்கிறது?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
மேலே என்ன இருக்குமென்றுதான் யோசித்திருந்தோம்:
சூடேறிய பாறை, சாசேஜ், நீச்சல், பத்து நாள் லீவு.

காபித் தட்டிலிருந்த வெண்ணெய்க் கட்டியில்
கரண்டியைச் செருகினார்.
படுக்கவைத்து இழுத்தார்: இன்னும் ஆழப் போனது.
காம்பை நிமிர்த்தினார்: கையோடு வந்துவிட்டது.
"களிமண் இப்படித்தான்.
கலப்பை வாய் உள்ளது வாங்கு. ஏழரைக் கிலோ."
சங்கிலி எதற்கு, பளுவுக்கா? என்றேன்.
"பணிவுக்கு. காம்பு தலைதூக்கக் கூடாது.
நாலு மீட்டர்."

பிறகு கயிறு.
வெய்க்கோவின் கை ஆரஞ்சுச் சுருளில் இருந்தது.
பாதி விலை. மிதக்கும்.
"மிதப்பதுதான் கேடு. அடுத்தவன் விசிறியில் சுற்றும்.
வெள்ளை நைலான் எடு. காற்று உதைத்தால் நீளும்,
விட்டால் சுருங்கும், பேசாமல் முழுகிக் கிடக்கும்.
ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு.
எட்டு மீட்டருக்கு நாற்பது."
வெய்க்கோ பணப்பையைத் திறந்து பார்த்து
முப்பது என்றான்.
சூலோ வெட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு என் சமையலறை மேசையில்
லாட வளையத்தின் திருகாணி கழலாமலிருக்க
கம்பி சுற்றினோம், இரண்டு முறை.
கண்ணியை இருவரும் காலூன்றி இழுத்துப் பார்த்தோம்.
கீழ் வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள்.

பதினொரு மணி, இன்னும் வெயில்.
ரோஜா நிறப் பாறையை நோக்கி மெல்லப் போனோம்.
குதிப்பதற்கு முன்முனையில் வெய்க்கோ,
வீசுவதற்குப் பின்னால் நான்.
இந்தப் பக்கங்களில் அதுதான் வழக்கம்:
மூக்கு கரையில், நங்கூரம் முதுகுக்குப் பின்னால்.
வீசினேன். சங்கிலி கடகடத்துப் போனது.
வெள்ளைக் கயிறு விரல்களுக்கிடையே
அழகாக ஓடியது.
"பிடித்ததா?" என்று கத்தினான்.
இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி.
"பிடித்தது!" என்று விட்டேன்.

அப்புறம் கயிற்றின் மறு நுனி
என் முழங்காலை உரசி, விளிம்பேறி,
அவசரமே இல்லாமல்
தண்ணீருக்குள் போனது.

நீ கட்டியிருப்பாய் என்று அவன்.
அவன் கட்டியிருப்பான் என்று நான்.
இதில் ஒரு வேடிக்கை:
கட்டியிருந்தால் பாறைக்குப் பத்து மீட்டர் முன்பே
முப்பது தீர்ந்து நின்றிருப்போம்.
கட்டாததால் போய்ச் சேர்ந்தோம்.

சேர்ந்தபின் காற்று திரும்பியது.
பின்புறம் பாறையில் மோதாமலிருக்க
விடியும்வரை ஆளுக்கொரு கால் நீட்டி
உதைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.
சாசேஜைப் பச்சையாகத் தின்றோம்.
தேநீர் நிறத் தண்ணீருக்கடியில்
ஏழரைக் கிலோ
இம்மியும் நகராமல்
எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆரஞ்சு என்றால் மிதந்திருக்கும்,"
என்றான் மூன்று மணிவாக்கில்.
அதற்குப் பதில் என்னிடம் இல்லை.
இப்போதும் இல்லை.

சனிக்கிழமை மறுபடி சூலோ.
"பழசில் என்ன குறை?"
ஒரு குறையும் இல்லை, என்றோம். அதே மாதிரி கொடுங்கள்.
எங்கள் முகத்தைப் பார்த்தார்.
நாற்பது மீட்டர் அளந்து வெட்டி
ஒரு நுனியை அவன் கையில்,
மறு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு
காபி ஊற்றப் போனார்.

இந்தத் தடவை எழுதிக்கொண்டோம்.
முன்பாதி அவனுக்கு.
பின்பாதியும் முடிச்சும் எனக்கு.
கயிற்றுக்கான பங்கை
வெய்க்கோ இன்னும் தரவில்லை.