புடலையின் கழுத்தளவு

தலை கழுத்தைவிடச் சிறியது.
இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.
பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்றவள் என்றார்கள்.
படியேறத் தெரியாது,
கண்ணாடிக் கதவைக் காற்றென்று நினைப்பாள் என்றார்கள்.
காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகளைக் காட்டிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

சாம்பல் உடம்பு, வெளிறிய வரிகள், முடியாத நீளம்.
பார்த்ததுமே வாகீசன் சொன்னான்: புடலை.

முதல் பட்டை சிவப்பு.
பால் வாங்கப் போன இடத்தில் வாங்கியது, பன்னிரண்டு டாலர்.
நிறம் பார்த்தேன், கொக்கி பார்த்தேன்,
கழுத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை. வெண்டூரி ஏரிக்கரையில் விடிந்தும் விடியாத பனி.
ஒரு கறுப்பு அன்னம் சீறியது.
புடலை ஒரே ஓர் அடி
பின்னால் வைத்தாள்.
சோப்பு நுரையில் மோதிரம் கழல்வதுபோல்
காதுகளைத் தாண்டி வந்துவிட்டது பட்டை.
என் கையில் வார்,
வாரின் நுனியில் சிவப்பு வட்டம்,
வட்டத்துக்குள் பல்லாரட்டின் குளிர்.

அவளோ
மணிக்கு அறுபது கிலோமீட்டர்.
அங்கிருந்து எல்லாப் பக்கமும் ஆஸ்திரேலியா.

கூப்பிடலாம். ஆனால்
பெயர் வைத்து நான்கு நாள்தான்.
புடலை என்றால் தான்தான் என்று
அவளுக்கு இன்னும் தெரியாது.

படகில் எட்டுப் பள்ளிச் சிறுமிகள்
துடுப்பைத் தூக்கியபடி பார்த்தார்கள்.
கரையில் சைக்கிளில் வந்த பயிற்சியாளர்
ஒலிபெருக்கியிலேயே கேட்டார்:
"அந்த நாய் உங்களுடையதா?"
ஏரி முழுக்கக் கேட்டது கேள்வி.
என்னுடையதுதான் என்று கத்தினேன்.
அதுவரை நான் அதைச் சொன்னதில்லை.

துரத்த ஒன்றும் இல்லாததால் அவள் நின்றிருந்தாள்,
பெஞ்சுக்குப் பக்கத்தில், நடுங்கிக்கொண்டு.
என் கழுத்துத் துண்டை அவளுக்குச் சுற்றி
குனிந்தபடியே வீடுவரை நடந்தேன்.

அப்புறம்தான் அளவு நாடா.
காதுக்குப் பின்னால், கழுத்தின் உச்சியில்: முப்பத்தாறு.
தலையின் அகன்ற இடம்: முப்பத்துமூன்று.
ரோமம் தேய்ந்து வெளுத்த ஒரு வளையம் இருந்தது,
பழைய பட்டைகளின் தடம்.
அதையும் அளந்தேன். குறித்துக்கொள்ளவில்லை.

கடையில் ஷெல்பி என்ற பெண் பெயர் கேட்டு எழுதினாள்.
"பூடிலா?"
இல்லை, கிரேஹவுண்ட். பெயர் மட்டும் காய்கறி.
அவள் எடுத்துக் காட்டியது இரட்டை வளையப் பட்டை:
நான்கு விரல் அகலம், உள்ளே மெத்துத் துணி.
இழுத்தால் இறுகும், கழுத்தளவு வந்ததும் நின்றுவிடும்,
மூச்சுவரை போகாது.
"ரெண்டு விரல் உள்ளே போகணும்,
மூணாவது போகக்கூடாது."

யாருடைய விரல் என்று கேட்டேன்.
சிரித்தாள். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை.
அவள் விரல்கள் பென்சில்.
என்னுடையவை முதியோர் இல்லச் சலவையறையில்
பதினோரு வருடம் ஊறியவை.

பட்டையை விரித்துப் பிடித்தேன்.
பெட்டிக்குள் பின்னாலிருந்து தள்ளியே
ஓட விடப்பட்டவள்,
கொஞ்சம் யோசித்து
தானாகக் கழுத்தை நீட்டினாள்.
எங்கள் பேச்சில் கழுத்தை நீட்டுவதற்கு
வேறொரு பொருளும் உண்டு.
ஷெல்பியிடம் அதை விளக்கவில்லை.

இப்போது காலையில் நான் ஒரு கடுகளவு இறுக்குவேன்.
மாலையில் வாகீசன் ஒரு கடுகளவு தளர்த்துவான்.
பாவம், மூச்சு முட்டும் என்பான்.
ஏரிக்கு நீயா வந்தாய் என்பேன்.
அவன் இரண்டு விரல் என் மூன்று;
இதில் தீர்ப்பு சொல்ல ஆளில்லை.
இரவில் பட்டையைக் கழற்றி
சாவிக்குப் பக்கத்தில் மாட்டுகிறோம்.
வெறுங்கழுத்தோடு, நான்கு காலும் மேலே,
சோஃபா முழுவதும் அவள்.

சிவப்புப் பட்டையை எறியவில்லை.
கொல்லையில் எலுமிச்சைக் கன்றைக்
குச்சியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான்.
துணி காயப்போடப் போனபோது
சும்மா விட்டுப் பார்த்தேன்.
மூன்று விரல் போகிறது.