கிழியாத நோட்டு

கசானியில் சாலை முடிவதில்லை.
குறுக்கே ஒரு சங்கிலி தொங்குகிறது, அவ்வளவுதான்.
அந்தப் பக்கம் பெரு. இந்தப் பக்கம் பொலிவியா, நான்,
ஏரிக் காற்றில் படபடக்கும் ஒரு தகரக் கூரை.

என் மேசையில் முத்திரை, மைப்பெட்டி,
நோட்டைப் பிடித்துப் பார்க்க ஒரு நீல விளக்கு.
கண்ணாடிக்கு அடியில் கட்டணப் பட்டியல்.
பிரெஞ்சுக்காரருக்கு ஒன்றுமில்லை.
ஜப்பானியருக்கு ஒன்றுமில்லை.
கழுகு பொறித்த கருநீல அட்டைக்கு
நூற்றறுபது டாலர். ரொக்கம்.
கிழிசல் கூடாது, கிறுக்கல் கூடாது,
மடிப்பு வெளுத்திருந்தாலும் வங்கி வாங்காது.

எங்களுக்கு மட்டும் ஏன் என்பார்கள்.
உங்கள் நாடு எங்களிடம் வாங்குவது அதுதான் என்பேன்.
ஐந்து வருடமாக ஒரே வாக்கியம், ஒரே ஆங்கிலம்.
சிலர் நியாயம்தான் என்று எண்ணிக் கொடுப்பார்கள்.
ஒருவர் தன் செனட்டருக்குக் கடிதம் போடுவதாகச் சொன்னார்.
போடட்டும், என் பெயரையும் சேர்த்து:
செனோபியா சோக்கேவான்கா.

சுற்றறிக்கையில் அமைச்சகம் எழுதிய சொல், பரஸ்பரம்.
முதல் தடவை அதை நான்
ஐனி என்று படித்தேன்.
அய்மாராவில் அப்படித்தான்:
இன்று உன் உருளைக்கிழங்கு வயலில் என் முதுகு வளையும்,
அடுத்த வாரம் என் வயலில் உன் முதுகு.
கல்யாணத்தில் எழுதிய மொய்
அடுத்த கல்யாணத்தில் திரும்பி வருவதுபோல.

நானும் ஒரு மொய் வைத்திருக்கிறேன்,
லா பாஸ் தூதரகத்தில்.
தங்கை நெலிக்கு வர்ஜீனியாவில் பேறுகாலம்.
விடியும் முன்னே வரிசை, கண்ணாடிக்கு அப்பால் ஓர் இளைஞன்.
வீடு உன் பெயரில் உள்ளதா?
கணவன் இருக்கிறானா?
திரும்பி வருவாய் என்று யார் சொல்வது?
மூன்று கேள்வி, இரண்டு நிமிடம்,
நூற்றறுபது டாலர்.
மறுத்தாலும் பணம் திரும்பாது என்று
சுவரில் எழுதியிருந்தது. நல்ல எழுத்து. ஸ்பானியப் பிழைகூட இல்லை.
அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது.
கைபேசியில் என்னைப் பார்த்தால் ஓடிவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள்.
கூட ஒரு பையன், கையில் மாவுக்கட்டு,
கட்டு முழுக்க நண்பர்கள் வரைந்த டைனோசர்கள்.
இருவருக்குமாகப் பதினாறு இருபது டாலர் நோட்டுகள்.
பதினைந்து சரி.
பதினாறாவதின் ஓரத்தில் ஒரு கிழிசல்,
எறும்பு நீளம்.

வேறு இருக்கிறதா என்றேன்.
பையைக் கவிழ்த்தாள். மாத்திரைகள், வண்ணப் பென்சில்கள், பெருவின் சில்லறை.
யுங்குயோவில் பண இயந்திரம் உண்டு, அன்று பழுது.
ஓட்டுநர் ஹாரனை இரண்டுமுறை அடித்தான்.
பிறகு நீளமாக ஒருமுறை.

வாங்கியிருக்கலாம்.
என் மேசை அறையில் நல்ல இருபது ஒன்று இருந்தது, என் சொந்தப் பணம்.
மாற்றி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

திரும்பி வருவாய் என்று யார் சொல்வது.

தலையை மட்டும் ஆட்டினேன்.
அவள் சண்டை போடவில்லை. அதுதான் சங்கடம்.
பையனின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
சங்கிலிக்கு அந்தப் பக்கம் நடந்தாள்.

இரவு கோபகபானாவில், அக்காள் புருஷன் வில்மரின் விடுதி.
ஆறு அறை, நான்கில் விளக்கில்லை.
முன்பதிவுத் தாளை மேசையில் தட்டினான்:
ஒரு அம்மா, ஒரு பையன், மூன்று இரவு.
நாளைக்குப் படகுக்கும் எவாரிஸ்தோவிடம் சொல்லி வைத்தானாம்.
ட்ரௌட் மீன்கூடப் பெரிதாகப் பார்த்து வாங்கினானாம்.
"மாவுக்கட்டுப் பையன், பார்த்தாயா?"

எத்தனையோ பேர் வருகிறார்கள் என்றேன்.

அவர்களுக்கு வாங்கிய மீனில் ஒன்றைப் பொரித்து
என் தட்டில் வைத்தான்.
முள் நிறைய இருந்தது, மெதுவாகத் தின்றேன்.
எழுந்து பணம் எடுத்தபோது
கையைத் தட்டிவிட்டான்.
"வைத்துக்கொள், செனோபியா.
நாளைக்கு உன் முறை வரும்."